தரையிறங்கிய பிறகும் பறந்த விமானம்

டிக்கெட்டில் பயண நேரம் என்ற இடத்தில் 'விதிப்படி' என்று அச்சடித்திருந்தார்கள். நான் அதைக் கவனிக்காமல் இல்லை. கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்கவும் செய்தேன். "விதிப்படின்னா எவ்வளவு நேரம்மா?" அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "விதிப்படிதான் சார்" என்றாள். சரி, மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் நான் போக வேண்டிய ஊர், ரெண்டுக்கும் ஆளுக்கொரு குட்டி விமான நிலையம், எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது என்று விட்டுவிட்டேன். "ஏறி பெல்ட்டைப் போடுறதுக்குள்ள இறக்கி விட்டுடுவான், இருபது நிமிஷம்" என்றார் என் பக்கத்துக் கடைத் தையல்காரர். தான் விமானத்தில் ஏறியதே இல்லை என்பதை அவர் அப்போது சொல்லவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். நாற்பத்து மூன்று வயதில் எனக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. பெண் அந்த ஊரில் மாட்டு டாக்டர். ஏதோ பயிற்சிக்கு எங்கள் ஊருக்கு வந்தபோது ஒரு எருமை அவள் கண்ணாடியை மிதித்துவிட்டது. என் கடைக்கு வந்தாள். அதற்கப்புறம் ஒரே வருஷத்தில் அவள் கண்ணாடி நான்கு தடவை உடைந்தது. ஒவ்வொரு தடவையும் மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் என் கடைக்கே வந்தாள். அவள் ஊரிலேயே ஏழு கண்ணாடிக் கடை இருக்கிறது என்பது என் மரமண்டைக்கு உறைக்க ரொம்ப நாள் பிடித்தது.

அவளுடைய அப்பா ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தாமதமானவர். அது பிறக்கும்போது. அதற்கும் தன் அம்மாவைத்தான் குறை சொல்வார். அப்படிப்பட்டவரிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். கல்யாணப் பதிவுக்கு முதலில் குறித்த நாளன்று நான் வந்த பஸ் பாதி மலையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. பதிவாளர் அலுவலகத்தைப் பூட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தேன். மாமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு வண்டி ஒரு தடவை லேட்டாகலாம். தப்பில்ல. ரெண்டாவது தடவையும் லேட்டாச்சுன்னா அந்த வண்டிய ரத்து பண்ணிடுவோம்" என்றார்.

இரண்டாவது தேதி குறித்தாயிற்று. காலை பத்தரை மணி. முந்தின நாள் டாக்டர் போனில் சொன்னாள். "இந்தத் தடவை எப்படியாவது வந்துடுங்க. இதுக்கு மேல அப்பாவை என்னால சமாளிக்க முடியாது. உடைக்கிறதுக்கு வீட்ல கண்ணாடியும் இல்ல."

அதனால்தான் விமானம். ஒன்பது மணிக்குக் கிளம்பியது. மலையை மேலே இருந்து பார்த்து "அடேயப்பா" என்று திறந்த வாயை மூடுவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. பணிப்பெண் பெல்ட்டை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொண்டே இருந்தாள். அவள் காட்டி முடிக்கும்போது சக்கரம் தரையைத் தொட்டு, ஓடி, நின்றும்விட்டது. தையல்காரர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து பையை எடுத்தேன்.

பணிப்பெண் ஓடோடி வந்தாள். "ஐயோ சார், உக்காருங்க! நடுவானத்துல எழுந்திருக்கக் கூடாது!"

"இறங்கியாச்சேம்மா."

"இன்னும் ஏறவே இல்ல சார். இப்பதான் உயரத்துக்குப் போய்க்கிட்டிருக்கோம்."

அப்போது கேப்டனின் குரல் கேட்டது. நாம் முப்பதாயிரம் அடி உயரத்தில் சீராகப் பறந்துகொண்டிருக்கிறோம், வானிலை இதமாக இருக்கிறது, ஜன்னலோரத்துப் பயணிகள் மேகங்களை ரசிக்கலாம் என்றார். ஜன்னலோரத்துப் பயணி நான்தான். குனிந்து பார்த்தேன். ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

மற்ற பயணிகள் ஒருவரும் அசையவில்லை. ஒருவர் பையிலிருந்து தலையணையை எடுத்தார். இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் மாதிரி ஷூவைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, பாதங்களை எதிர்சீட்டில் வைத்து, நகம் வெட்ட ஆரம்பித்தார். என் பக்கத்து சீட்டு அம்மா கம்பளி நூலையும் ஊசியையும் எடுத்துப் பின்னத் தொடங்கினாள்.

"முதல் தடவையா?" என்றாள்.

"ஆமாம்மா. ஏன் கதவைத் திறக்க மாட்டேங்கிறாங்க?"

"பதினொன்னு பத்துக்குத்தான் போய்ச் சேருவோம். நான் வாராவாரம் வரேன். இந்த நிம்மதி வீட்ல கிடைக்குமா? என் மருமகளுக்கு இங்கேயே ஒரு ஸ்வெட்டர் முடிச்சிட்டேன். அவ இதைப் போடப் போறதில்ல. அது வேற விஷயம்."

பதினொன்று பத்து! கல்யாணமே பத்தரைக்கு. நிலையத்துக் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் நிற்பது தெரிந்தது. பச்சைப் புடவை. பக்கத்தில் மாமா. கையை ஆட்டினேன். அவளும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். மாமா என்னைப் பார்த்தார். வருகைப் பலகையைப் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ சொன்னார். அவர் சொன்னது என்ன என்று பிற்பாடு தெரிந்தது. "யாருக்கும்மா கையாட்டுற? மாப்பிள்ளை இன்னும் வரல. போர்டுல பறந்துக்கிட்டிருக்கார்."

போனை எடுத்தேன். பணிப்பெண் அதை மென்மையாகப் பிடுங்கிக்கொண்டாள். வானத்தில் போன் பேசக் கூடாதாம். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்க ஆரம்பித்தது. மேகக்கூட்டத்துக்குள் நுழைகிறோம், பயப்படத் தேவையில்லை என்றார் கேப்டன். வால் பக்கம் எட்டிப் பார்த்தேன். சீருடை போட்ட ரெண்டு பேர் வாலைப் பிடித்துத் தம் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு மூச்சு வாங்கியது. மற்றவர், "போதும்பா, இன்னிக்கு லேசான மேகம்தான் போட்டிருக்கு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "இங்க யாருய்யா பொறுப்பு?" என்று கத்தினேன்.

முன் வரிசையில் இருந்து ஒரு வழுக்கைத் தலை மெதுவாக எழுந்தது. கோட்டு, டை, சட்டைப்பையில் மூன்று பேனா. தூர நேர நிர்ணயத் துறையின் துணை இயக்குநர். ஆய்வுக்காகப் பயணம் செய்கிறாராம். அவர் எழுந்தபோது பணிப்பெண் ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரிகளுக்கு வானத்திலும் நடக்க அனுமதி உண்டு போலிருக்கிறது.

"என்ன பிரச்சினை?" என்றார் கனிவோடு.

"சார், பத்தரைக்கு எனக்குக் கல்யாணம். பொண்ணு அதோ நிக்கிறா. கதவைத் திறங்க. ஓடிப் போயிடுறேன்."

"வாழ்த்துகள்" என்று கையைக் குலுக்கினார். "ஆனா இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல பயண நேரம் ரெண்டு மணி பத்து நிமிஷம். அதை நீங்களோ நானோ மாத்த முடியாது. அது வரலாறு."

வரலாற்றை அவரே சொன்னார். இந்த வழியில் முதன்முதலில் விமானம் விட்டபோது அமைச்சர் ஏறினாராம். ஏறியதும் தூங்கிவிட்டாராம்.

"எழுப்புற தைரியம் யாருக்கு வரும், சொல்லுங்க? தரையிறங்கினா குலுக்கல்ல முழிச்சுக்குவாரு. அதனால மேலேயே சுத்தினோம். அவரா கண்ணு முழிச்சப்ப ரெண்டு மணி பத்து நிமிஷம். 'எவ்வளவு நேரம் ஆச்சு?'ன்னு கேட்டாரு. சொன்னோம். 'நல்ல தூரம்தான்'னாரு. அவ்வளவுதான். அன்னிக்கே பதிவாயிடுச்சு."

"அவர் தூங்கினதுக்கும் எங்க ஊர் தூரத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அப்படிக் கேட்டவங்களும் உண்டு. நாங்க ஜனநாயகவாதிங்க. உடனே ஒரு ஆய்வுக் குழு போட்டோம். குழுவும் இதே விமானத்துல பறந்துச்சு. எல்லாரும் தூங்கிட்டாங்க. நேரம் உறுதியாச்சு." அவர் பெருமிதத்தோடு டையைச் சரிசெய்துகொண்டார். "நேரம் தெரிஞ்சா வேகத்தால பெருக்கித் தூரத்தைக் கண்டுபிடிச்சிடலாம். கணக்குத் துறை பெருக்கினாங்க. அந்தத் தூரத்துக்கு ஏத்த மாதிரி வரைபடத் துறை ஊரை நகர்த்தினாங்க. இப்ப வரைபடத்துல இந்த ஊர் கடல்ல இருக்கு."

"கடல்லயா? ஊர்க்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு புகார் இல்ல. படகு கேட்டுத்தான் மனு வந்திருக்கு."

"சார், இருபது நிமிஷத்துல வந்துட்டோம். உங்க கண்ணாலேயே பாத்தீங்கல்ல? உண்மையான தூரம் என்ன?"

"உண்மைக்கு வேற துறை இருக்கு" என்றார் அவர் கொஞ்சம் புண்பட்டவராக. "நீங்க கடைக்காரர். உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ஆரம்பத்துல ரெண்டு மணி நேரமும் வானத்துலயே சுத்திக்கிட்டிருந்தோம். எவ்வளவு எரிபொருள் வீண்! நான்தான் சீர்திருத்தம் கொண்டுவந்தேன். இப்ப தரையிறங்கிட்டுப் பறக்கிறோம். உலகத்துலயே செலவில்லாமப் பறக்கிற விமானம் இதுதான். வெளிநாட்டுக்காரங்க வந்து பாத்துட்டு வாயடைச்சுப் போயிட்டாங்க."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். இன்னொரு தடவை தவறினால் மாமா வேறு மாப்பிள்ளை பார்த்துவிடுவார், அவள் இல்லாவிட்டால் எனக்கு ஒன்றுமே இல்லை, கடைக்குப் போய் யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டி 'தெரியுதா, தெரியுதா' என்று கேட்டே சாக வேண்டியதுதான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா பின்னுவதை நிறுத்தினாள். நகம் வெட்டியவரும் நிறுத்தினார். துணை இயக்குநர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இளகிய மனசு.

"உங்களுக்காக என்ன வேணும்னாலும் செய்றேன்" என்றார். "ஏம்மா, சாருக்கு ஒரு கப் டீ கொடு."

மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு விசில் சத்தம். பார்த்தால், டாக்டர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுதளத்தின் குறுக்கே நடந்து வந்துகொண்டிருந்தாள். மிரண்ட மாட்டை நோக்கி நடக்கிற மாதிரி நிதானமான நடை. பின்னால் ஒரு காவலாளி. அவருக்குப் பின்னால், கோடு போட்ட பாதையை மட்டும் மிதித்துக்கொண்டு, மாமா.

துணை இயக்குநர் விமானி அறைக்குள் பாய்ந்து, பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"அம்மா! பறக்கிற விமானத்துக்குப் பக்கத்துல வரக் கூடாது!"

"எங்க பறக்குது?" என்றாள் அவள்.

"முப்பதாயிரம் அடி மேல!"

"அப்ப இங்க நிக்கிறது என்ன?"

துணை இயக்குநர் யோசித்தார். "அங்க ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணும் இல்லாத இடத்துல நான் நின்னா உங்களுக்கு என்ன?"

அவர் இன்னும் ஆழமாக யோசித்தார். காவலாளி விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதலாமா வேண்டாமா என்று அவர் முகத்தையே பார்த்தார். "நிக்கலாம்" என்றார் துணை இயக்குநர் கடைசியில். "ஆனா என்கிட்ட பேசணும்னா மேல பாத்துப் பேசுங்க. நாங்க மேல இருக்கோம்."

டாக்டர் ஒரு நிமிஷம் அவரையே முறைத்தாள். பிறகு அண்ணாந்து, வெறும் வானத்தைப் பார்த்துக் கத்தினாள். "அவரை இறக்கி விடுங்கய்யா! எனக்கு இன்னிக்குக் கல்யாணம்!"

புல் வெட்டிக்கொண்டிருந்தவரும் வானத்தைப் பார்த்தார். காவலாளியும் பார்த்தார். மாமா மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நடுவானத்துல யாரையும் இறக்க முடியாதும்மா!" என்று துணை இயக்குநர் கீழே கத்தினார். "பாராசூட் வேணும்! அதுக்கு டெண்டர் விட்டிருக்கோம்!"

பக்கத்து சீட்டு அம்மா ஊசியின் முனையால் என் விலாவில் குத்தினாள். "இப்படியே உக்காந்து பாத்துக்கிட்டே இருங்க. அவளே மேல ஏறி வந்து உங்களைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள். ஊசி அப்படியே நகர்ந்து என் பக்கத்தில் இருந்த சிவப்புக் கைப்பிடியைக் காட்டியது. அவசரக் கதவு.

இழுத்தேன். கதவு பெயர்ந்து வெளியே விழுந்தது. நாய் எழுந்து ஓடியது. பணிப்பெண் "சார், வேண்டாம்! உங்களுக்கு இன்னும் வாழ்க்கை இருக்கு!" என்று அலறினாள். விமானத்தில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே பார்த்தேன். ஒரு ஆள் உயரம்கூட இல்லை. ஆனால் அவர்கள் முகங்களைப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குதித்தேன்.

புல்லில் விழுந்தேன். முட்டி சிராய்த்தது. டாக்டர் ஓடி வந்து, கன்றுக்குட்டியைப் பார்ப்பது போல என் காலை மடக்கிப் பார்த்து, நீட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். "எவ்வளவு நேரமாத்தான் கையாட்டுறது? அறிவில்ல உங்களுக்கு?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடியை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மேலே துணை இயக்குநரின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"முப்பதாயிரம் அடி" என்றார். "எப்படி உயிரோட இருக்க முடியும்? நல்ல மனுஷன். இப்பதான் கையைக் குலுக்கினேன்."

"சார், நான் இங்கதான் நிக்கிறேன்" என்றேன்.

"தயவுசெஞ்சு அமைதியா இருங்க. உங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிக்கப் போறோம்."

விமானத்துக்குள் எல்லோரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்கள். வாலை ஆட்டிய ரெண்டு பேரும் வாலை விட்டுவிட்டு நின்றார்கள். புல் வெட்டுகிறவர் மெஷினை அணைத்தார். சும்மா நின்றால் மரியாதையாக இருக்காதே என்று நானும் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது அழுகையாகத்தான் தெரிந்திருக்கும். நிமிஷம் முடிந்ததைக் கடிகாரம் பார்த்து அறிவித்தவர் மாமா.

டாக்டர் வானத்தைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப இவரு செத்துட்டாரா?"

"உடனே அப்படிச் சொல்லிட முடியாதும்மா" என்றார் துணை இயக்குநர். "முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? விமானம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பயணிகளை எண்ணுவோம். ஒரு ஆள் குறைஞ்சா அப்பத்தான் அறிவிப்போம். அதுவரைக்கும் அவர் உயிரோடதான் இருக்காரு."

"எத்தனை மணி வரைக்கும்?"

"பதினொன்னு பத்து."

அவள் என் கையைப் பிடித்தாள். "நேரம் இருக்கு. வாங்க."

மாமா வழியை மறித்தார். அவர் மேலும் கீழும் என்னைப் பார்த்தார். சட்டையில் புல். முட்டியில் ரத்தம். வருகைப் பலகையில் நான் இன்னும் பறந்துகொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் காட்டிய மனுஷனுக்கு உள்ளே என்னென்னவோ மோதிக்கொண்டது, மூஞ்சியிலேயே தெரிந்தது.

"என் சர்வீஸ்ல லேட்டா வந்த வண்டிய நிறையப் பாத்திருக்கேன்" என்றார் மெல்ல. "உயிரை விட்டுட்டு நேரத்துக்கு வந்த வண்டி இதுதான். நடங்க, நடங்க. பத்து பதினஞ்சு ஆச்சு."

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். பதிவாளர் அம்மா தும்மிக்கொண்டே என் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று கேட்டார். மாமா எல்லோரையும் ஒரு சுற்று முறைத்தார். யாருக்கும் இல்லை. சாட்சிக் கையெழுத்துக்கு ஆட்டோக்காரரையும் கூப்பிட்டோம். என் கையெழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியது. டாக்டருடையது கோட்டிலேயே நேராக நின்றது. பிரசவத்தில் சிக்கிய மாடுகளை இழுத்துப் பழகிய கை.

கல்யாணம் முடிந்து அலுவலக வாசல் படியில் உட்கார்ந்தோம். மாமா எங்கேயோ போய் மூன்று பேருக்கும் காபி வாங்கிவந்து, தன்னுடையதை எடுத்துக்கொண்டு நாசூக்காகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். டாக்டர் என் தோளில் சாய்ந்துகொண்டாள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் பதினொன்று பத்தைத் தொட்டது. தாண்டியது.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"செத்துட்டேன்" என்றேன்.

"சரி, எழுந்திருங்க. பசிக்குது, சாப்பிடப் போலாம்" என்றாள்.